கப்பல் சமையல்காரியின் வசனம்

உலக சினிமாவைப் பற்றி என்னிடம் யாரும் கருத்துக் கேட்டதில்லை. கேட்காமலே சொல்வது என் சுபாவம். முப்பத்தோரு வருடம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்திருக்கிறேன். இருட்டுக் குழிக்குள் தனியாக நின்று வேலை பார்த்துவிட்டு வெளியே வருகிறவனுக்கு, முதலில் எதிர்ப்படுகிற ஆளைப் பிடித்து நிறுத்திப் பேச வேண்டும்போல இருக்கும். அது காவலாளியானாலும் சரி, கட்டட முதலாளியானாலும் சரி.

போன வருடம் வரை எனக்குச் சினிமா என்றால் பாட்டு, சண்டை, தூக்கம். அதே வரிசையில்தான். இரண்டு கண்ணிலும் புரை விழுந்த பிறகுதான் உலகத்துப் படங்களை எல்லாம் பார்க்க ஆரம்பித்தேன். இதைச் சொன்னால் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.

கண் டாக்டர் அவசரப்படவில்லை. "முதல்ல சர்க்கரையக் குறைங்க, அப்புறம் கண்ணத் தொடுறேன்" என்று சொல்லி, ஒவ்வொரு முறையும் தேதியைத் தள்ளிக்கொண்டே போனார். கம்பெனியில் என்னை உயரத்தில் ஏறக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். பணிமனையில் ஒரு மூலையில் மேஜை போட்டு, பழுது பார்த்து முடித்த கதவு மோட்டார்களை ஓட்டிக் காதால் சோதிக்கிற வேலையைக் கொடுத்தார்கள். அதில் என்னை அடிக்க ஆள் கிடையாது. ஒரு பேரிங் உயிரை விடப்போகிறது என்றால் அதற்கு ஆறு மாதம் முன்பே அதன் சத்தத்தில் எனக்குத் தெரிந்துவிடும். இரண்டு மணிக்கு வேலை முடியும். அதற்கு மேல் வீட்டில் உட்கார்ந்து சுவரைப் பார்க்க வேண்டியதுதான்.

அப்போதுதான் மருமகன் வந்து டி.வி.யில் எதையோ மாட்டிவிட்டுப் போனார். "மாமா, இதுல எல்லா நாட்டுப் படமும் வரும். கீழ தமிழ்ல எழுத்து ஓடும், படிச்சுக்கலாம்" என்றார். நல்ல பிள்ளை. அந்தச் சின்ன எழுத்து என் கண்ணுக்குத் தெரியாது என்பது மட்டும் அவருக்கு மறந்துவிட்டது. ஆள், மலை, குதிரை எல்லாம் பனிமூட்டத்தில் தெரிவதுபோலத் தெரியும். அடியில் ஓடுகிற எழுத்து எறும்புச் சாரியாகத்தான் தெரியும்.

என் மனைவி படித்துச் சொன்னாள். அவளுக்கு அது கைவந்த வேலை. மருந்துப் பெட்டிகளுக்கும் பாட்டில்களுக்கும் லேபிள் அச்சடிக்கிற நிறுவனத்தில் இருபத்தாறு வருடமாகப் பிழை பார்க்கிறாள். அங்கே இரண்டு பேர் எதிரெதிரே உட்காருவார்கள். ஒருத்தி மூலத்தைச் சத்தமாகப் படிப்பாள், இன்னொருத்தி அச்சுத்தாளில் விரலை வைத்துக்கொண்டு வருவாள். காற்புள்ளி, முற்றுப்புள்ளியைக்கூட வாய்விட்டுச் சொல்ல வேண்டும். ஒரு புள்ளி தப்பினால் ஒருவர் உயிர் போகலாம் என்று அவளுடைய மேலாளர் சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறாராம். அந்த வேலையில் பழகிய குரல் அவளுக்கு. ஏற்றமும் கிடையாது, இறக்கமும் கிடையாது. காதல் வசனமானாலும் கொலை மிரட்டலானாலும் 'குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைக்கவும்' என்று படிக்கிற அதே குரலில்தான் வரும்.

மற்றபடி எங்கள் வீட்டில் பேசுவது நான். அவள் கேட்பாள். கல்யாணமான நாளிலிருந்து அப்படித்தான். அதை ஒரு ஏற்பாடு என்றுதான் நினைத்திருந்தேன்.

முதலில் பார்த்தது ஒரு பனி நாட்டுப் படம். ஒரு கிழவன், ஒரு கிழவி, ஒரு மேஜை. கிழவி பத்து நிமிடம் உருளைக்கிழங்கின் தோலை உரிக்கிறாள். "இது என்ன படமா, சமையல் வகுப்பா?" என்று எழுந்திருக்கப் போனேன். அப்போது கிழவி தலையை நிமிர்த்தி, இரண்டு வார்த்தையில் எதையோ சொன்னாள். என் மனைவி படித்தாள்:

"'நீங்க பேசினா வீடு நெறஞ்சு போகுது. நீங்க தூங்கினப்புறம்தான் எனக்கு உக்கார எடம் கெடைக்குது.'"

நான் மறுபடியும் உட்கார்ந்துவிட்டேன். உண்மையைச் சொல்கிறேன், உடம்பு சிலிர்த்துவிட்டது. எவனோ ஒருத்தன், முழங்கால் வரை பனி கிடக்கிற ஊரில், இதை எப்படி எழுதினான்? பத்து நிமிடம் உருளைக்கிழங்கைக் காட்டியது இதற்காகத்தான் என்று புரிந்தது. அவள் சொன்னது இரண்டே வார்த்தை, தமிழில் இவ்வளவு நீளமாக வருகிறதே என்றும் அப்போதே ஒரு சந்தேகம் வந்தது. அதற்கும் நானே பதில் கண்டுபிடித்தேன். குளிர் நாட்டுக்காரன் வாயை அதிகம் திறந்தால் குளிர் உள்ளே போய்விடும், அதனால் அவர்கள் மொழியே சிக்கனம். இந்தக் கண்டுபிடிப்பைப் பணிமனையில் பலரிடம் சொல்லியிருக்கிறேன். இப்போது நினைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

அதற்குப் பிறகு தினமும் ஒரு படம். அவள் ஐந்து மணிக்கு வேலையிலிருந்து வருவாள், டீ போடுவாள், ரிமோட்டைக் கையில் எடுப்பாள். பேய்ப் படத்தில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஒரு தீவு நாட்டுப் பேய்ப் படத்தில் கதவு திறந்தபடியே லிஃப்ட் மேலே போனது. "கதவு மூடாம லிஃப்ட் ஒரு அங்குலம் நகராது. எந்தப் பேயாலயும் முடியாது" என்று டி.வி.யைப் பார்த்துக் கத்தினேன். ஆனால் அதே படத்தில் கடைசியில் அந்தப் பேய், தலைமுடியை முகத்தில் போட்டுக்கொண்டு ஒரு அலறல் அலறியது. அவள் படித்தாள்: "'நான் யாரையும் பயமுறுத்த வரல. இங்க நானும் இருக்கேன்னு யாராவது ஒரு தடவ திரும்பிப் பார்த்தா போதும்.'" அன்றைக்கு எனக்குப் பேய்மேல் இருந்த கோபமெல்லாம் போய்விட்டது. லிஃப்ட் விஷயத்தைக்கூட மன்னித்துவிட்டேன்.

யுத்தப் படங்களில் கிழக்கு நாட்டுக்காரர்களை மிஞ்ச ஆளில்லை என்பது என் கருத்து. பதுங்கு குழியில் படுத்திருக்கிற சிப்பாய் பக்கத்தில் இருப்பவனிடம் சொல்கிறான்: "'குண்டுக்குப் பயம் இல்ல. வீட்டுக்குப் போனா அவகிட்ட என்ன பேசறதுன்னு தெரியல, அதுதான் பயமா இருக்கு.'" நகைச்சுவை என்றால் திராட்சைத் தோட்டம் உள்ள நாட்டுக்காரர்கள். ஒரு படத்தில் திருடன் சுவரேறிக் குதித்து வந்து காரில் உட்காருகிறான், காருக்குள் காத்திருந்த பெண்டாட்டி அவனிடம் எரிந்து விழுகிறாள்: "'நீங்க திருடினதையெல்லாம் போலீஸ் கண்டுபிடிச்சிடும். என் இருபத்தஞ்சு வருஷத்த எங்க வெச்சீங்கன்னு கேக்க நான் எந்த ஸ்டேஷனுக்குப் போறது?'" வயிறு வலிக்கச் சிரித்தேன். அவளும் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து ரொம்ப நாளாகிவிட்டது என்று அப்போது தோன்றியது. ஆனால் தோன்றியதோடு சரி.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் பணிமனையில் எல்லாவற்றையும் ஒப்பிப்பேன். வெல்டர்கள், சூப்பர்வைசர், கணினியில் வேலை பார்க்கிற பெண் எல்லாரும் டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்பார்கள். எனக்கு 'வசனம்' என்று பட்டப்பெயரே வைத்துவிட்டார்கள். "வசனம் அண்ணே, நேத்து எந்த நாடு?" என்பார்கள். நானும் சளைக்காமல் சொல்வேன். கண் தெரியாதவன் உலகத்தைக் கூட்டிக்கொண்டு வந்து அந்தத் தகரக் கூரைக்குக் கீழே நிறுத்துகிறேன் என்று எனக்கு ஒரே பெருமை. எங்கெங்கோ இருக்கிறவர்கள் எல்லாம் நம் வீட்டு வலியை எப்படித் தெரிந்துவைத்திருக்கிறார்கள் என்று வியந்து வியந்து சொல்வேன். வியப்பில் நடிப்பு ஒன்றும் இல்லை. சில நாள் மோட்டாரைக் காதில் வைத்துக்கொண்டே அந்த வசனங்களை நினைத்து மெய்ம்மறந்து உட்கார்ந்திருப்பேன்.

இரண்டு மாதம் முன்பு அந்தக் கப்பல் படம் வந்தது. மூன்று மணி நேரம், முழுக்கக் கடல். பழைய காலத்துப் பாய்மரக் கப்பலில் ஒரு சமையல்காரி, பெரிய உடம்பு, கையில் கரண்டி. அவள் தன் உதவியாளிடம் மெதுவாக ஏதோ சொல்கிறாள். என் மனைவி கொஞ்சம் நிறுத்தி, பிறகு படித்தாள்:

"'கப்பல் அடியில ஒரு விரிசல் பார்த்தேன். சின்னதுதான், பட்டாணி அளவு. கேப்டன்கிட்ட சொல்லாத. அவருக்கே இப்பக் கண்ணு சரியில்ல. அவர் நல்லபடியாக் கரை சேரட்டும், அப்புறம் பார்த்துக்கலாம்.'"

"கேப்டன் தொலைநோக்கி வெச்சுப் பார்த்துக்கிட்டு இருந்தாரே?" என்று கேட்டேன்.

"கண்ணு சரியில்லாததாலதான் அத வெச்சிருக்கார்" என்றாள்.

நியாயமாகப் பட்டது. நான் தொடையைத் தட்டிச் சொன்னேன்: "பொம்பளைன்னா இவதான்! ஒரு கப்பல் பாரத்தையும் தன் வயித்துல வெச்சுக்கிட்டுச் சமைச்சுப் போடுறா பாரு. புலம்பல் இல்ல, ஆர்ப்பாட்டம் இல்ல. இப்படி ஒருத்தி இருந்தாத்தான் கேப்டன் நிம்மதியாக் கப்பல் ஓட்ட முடியும்." அவள் என்னைப் பார்த்தாள் என்று நினைக்கிறேன். முகம் எனக்குத் தெளிவாகத் தெரியவில்லை. படம் முடிந்ததும் டீ டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

அடுத்த வாரம் விண்வெளிப் படம். அதிலும் ஒருத்தி, தலையில் கண்ணாடிக் கூண்டோடு மிதந்துகொண்டே சொல்கிறாள்: "'எடது பக்கம் வீக்கம் கொஞ்சம் பெருசாயிருக்கு. கீழ இருக்கறவங்களுக்குத் தெரிய வேண்டாம். ரெண்டு மாசத்துல எறங்கிடப் போறோம்.'" நான் அசந்துபோனேன். நூறு வருடத்துக்கு முந்தைய கப்பலிலும் வருங்காலத்து விண்கலத்திலும் ஒரே மனசுள்ள பெண். இரண்டையும் எழுதியவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்திருக்கக்கூட மாட்டார்கள். பணிமனையில் இதைப் பற்றி மட்டும் மூன்று நாள் பேசினேன்.

அங்கே உதிரி பாகங்களுக்குப் பொறுப்பாக ஒரு ஸ்டோர்காரர் இருக்கிறார். நாற்பது வயது. அவர்தான் நிஜமான சினிமாப் பைத்தியம். பார்த்த படத்தையெல்லாம் ஒரு நோட்டில் எழுதி நட்சத்திரம் போட்டு வைப்பார். என் பேச்சை அவர் ஓரமாக உட்கார்ந்து கேட்பாரே தவிர வாயைத் திறக்க மாட்டார். போன திங்கட்கிழமை நேராக என் மேஜைக்கு வந்தார்.

"அண்ணே, தப்பா நெனைக்காதீங்க. நீங்க சொன்ன அந்த வசனத்துக்காகவே கப்பல் படத்த மூணு மணி நேரம் உக்காந்து பார்த்தேன். அப்படி ஒரு வசனம் வரவே இல்ல."

"தூங்கியிருப்பீங்க" என்றேன்.

"ரெண்டு தடவ பார்த்தேன் அண்ணே."

எனக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. "என் பொண்டாட்டி படிச்சுச் சொன்னா. அவ யாருன்னு தெரியுமா? இருபத்தாறு வருஷமாப் பிழை பார்க்கறவ. ஒரு புள்ளிய விட்டுட மாட்டா, ஒரு புள்ளியச் சேர்த்துட மாட்டா. நீங்க உங்க நோட்டுல நட்சத்திரம் போடுங்க, போங்க."

அவர் போகவில்லை. பையிலிருந்து போனை எடுத்தார். அந்தக் காட்சியைக் கொண்டுவந்து நிறுத்தினார். கடல் சத்தம், கரண்டிச் சத்தம், அந்தப் பெரிய உடம்புக்காரியின் குரல். எனக்கு ஞாபகம் இருந்த அதே குரல்தான். ஸ்டோர்காரர் எழுத்தைப் படித்தார்: "'காற்று திரும்புகிறது. சூப் ஆறிவிடும், எடுத்துப் போ.'"

"வேற எடமா இருக்கும்" என்றேன்.

"வேற எடத்துல அவங்க பேசறதே இல்ல அண்ணே. படம் முழுக்க அவங்களுக்கு இந்த ஒரு வசனம்தான்."

கணினிக்காரப் பெண்ணைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவளும் அதையேதான் படித்தாள். நான் விடவில்லை. பனி நாட்டுப் படத்தைத் தேடச் சொன்னேன். உருளைக்கிழங்குக் கிழவி சொன்னது: "'உப்பு போதுமா?'" திருடன் பெண்டாட்டி சொன்னது: "'சீக்கிரம் ஏறு, வண்டி கிளம்பணும்.'" பேய் எதுவும் சொல்லவில்லை. வெறும் அலறல். அதற்குக் கீழே அடைப்புக்குறிக்குள் 'அலறல்' என்று போட்டிருக்கிறதாம். சூப்பர்வைசர் பின்னால் நின்று பார்த்துவிட்டு, "அப்ப இத்தன நாளா நாங்க கேட்டதெல்லாம் யாரோட வசனம்?" என்றார். யாரும் சிரிக்கவில்லை.

அரை நாள் விடுப்புச் சொல்லிவிட்டுக் கிளம்பினேன். பேருந்தில் முதல் நான்கு நிறுத்தம் வரை எனக்குக் கோபம்தான். என்னை முட்டாளாக்கிவிட்டாள். ஊரே சிரிக்கப் போகிறது. கண் தெரியாதவன் காதில் இப்படியா பூச்சுற்றுவாள்? வீட்டுக்குப் போய்ப் பொரிந்து தள்ளிவிட வேண்டும் என்று வார்த்தைகளை அடுக்கிக்கொண்டே போனேன்.

ஐந்தாவது நிறுத்தத்தில் ஒரு கூட்டம் ஏறியது. நெரிசலில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது கோபம் மெதுவாக வேறு ஏதோ ஒன்றாக மாற ஆரம்பித்தது. அப்படியென்றால் அதையெல்லாம் சொன்னது யார்? நான் எழுந்துபோகாமல் உட்கார்ந்தது யாருடைய பேச்சுக்கு? ஆறு மாதமாக மெய்ம்மறந்து கேட்டது யாருடைய பேச்சை? ஒருத்தி வாயைத் திறந்து மூடுவதற்குள், அந்த முகத்துக்கும் அந்த நேரத்துக்கும் பொருந்துகிற மாதிரி ஒரு வசனத்தை உண்டாக்கி, அதை மருந்துச் சீட்டு படிக்கிற குரலில் சொல்லியிருக்கிறாள். ஒரு நாள் தடுமாறியதில்லை. ஒரு நாள் சொன்னதை மறுநாள் சொன்னதில்லை. ஒரு புள்ளியைக்கூட மாற்றக் கூடாது என்று பகல் முழுக்க உட்கார்ந்திருப்பவள், வீட்டுக்கு வந்து உலகத்துப் படங்களையெல்லாம் மாற்றி எழுதியிருக்கிறாள். எவனோ பனியில் உட்கார்ந்து எழுதினான் என்று நான் யாரை நினைத்துக் கும்பிட்டேனோ, அவள் என் பக்கத்திலேயே டீ டம்ளரோடு உட்கார்ந்திருந்தாள்.

பிறகு ஒவ்வொரு வசனமும் திரும்பி வந்தது. உட்கார இடம் இல்லை என்றது, திரும்பிப் பார்த்தால் போதும் என்றது, இருபத்தைந்து வருடத்தை எங்கே வைத்தீர்கள் என்று கேட்டது. கேட்டதும் நான் சிரித்தது. அதற்கு அடுத்து, கூட்டத்துக்கு நடுவில், சமையல்காரி வந்தாள். பட்டாணி அளவு. கேப்டனுக்குக் கண் சரியில்லை. அதற்கும் அடுத்து, இடது பக்கம், கொஞ்சம் பெரிசாகியிருக்கிறது.

கை கம்பியிலிருந்து நழுவிவிட்டது. பக்கத்தில் இருந்த அம்மாள் "உக்காருங்க, உக்காருங்க" என்று இடம் கொடுத்தார். ஒரு மோட்டார் ஆறு மாதம் கழித்துக் கெடப்போவதைக் காதால் சொல்லிவிடுவேன் என்று பீற்றிக்கொள்கிறவன் நான். அவள் என் காதுக்குள்ளேயே சொல்லியிருக்கிறாள். ஒரு தடவை அல்ல, இரண்டு தடவை. நான் அதற்குத் தொடையைத் தட்டிப் பாராட்டுப் பத்திரம் வாசித்திருக்கிறேன். பொம்பளை என்றால் இவள்தான், புலம்பல் இல்லை என்று. சொல்லலாமா வேண்டாமா என்று கேட்டவளிடம், சொல்லாதே என்று நானே வாயால் சொல்லியிருக்கிறேன். இரண்டு மாதம் போய்விட்டது. பட்டாணி இந்நேரம் என்ன அளவு ஆகியிருக்கும்?

வீட்டில் அவள் வருவதற்காகக் காத்திருந்த நான்கு மணி நேரத்தில் எத்தனை முறை எழுந்து உட்கார்ந்தேன் என்று தெரியாது. எப்படிக் கேட்பது? இருபத்தைந்து வருடமாக எல்லாவற்றைப் பற்றியும் பேசியிருக்கிறேன். அவளிடம் ஒரு கேள்வி கேட்டு, அதற்குப் பதில் வரும் வரைக்கும் சும்மா இருந்ததில்லை. வாயைத் திறந்தால் நான் பாட்டுக்குக் கத்துவேன், அழுவேன், டாக்டரைத் திட்டுவேன், கடைசியில் அவள்தான் என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டிருப்பாள். என்னை எனக்குத் தெரியாதா?

ஐந்து மணிக்கு வந்தாள். பையை மாட்டினாள், கை கழுவினாள், டீ போட்டாள். "என்ன, பேச்சையே காணோம்?" என்றாள்.

"ஒண்ணுமில்ல. படம் போடு."

ஏதோ பாலைவன நாட்டுப் படம். மணல், ஒரு கிணறு, கிணற்றடியில் ஒரு பம்பைக் கழற்றிப் போட்டு உட்கார்ந்திருக்கிற ஆள். ஒருத்தி வாளியோடு வந்து நிற்கிறாள். அவன் நிமிர்ந்து ஏதோ கேட்டான். என் மனைவி படிப்பதற்கு வாயைத் திறந்தாள். நான் முந்திக்கொண்டேன்.

"அவன் கேக்கறான், 'விரிசல் எந்தப் பக்கம்?'னு."

ரிமோட் அவள் மடியில் விழுந்த சத்தம் கேட்டது. திரையில் வாளிக்காரி நீளமாகப் பேசினாள், கையை ஆட்டி ஆட்டிப் பேசினாள். இவள் ஒன்றும் படிக்கவில்லை. நானும் பேசவில்லை. பேசாமல் இருப்பது எவ்வளவு கஷ்டமான வேலை என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. நாக்கைப் பல்லால் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"'எடது பக்கம்'ங்கறா" என்றாள். அதே லேபிள் குரல்.

"'எத்தன நாளா?'"

திரையில் அந்த ஆள் போய்விட்டிருந்தான். ஒரு கழுதை நின்றுகொண்டிருந்தது. அவள் கழுதையைப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னாள்.

"'நாலு மாசமா.'"

"'யார்கிட்டயும் காட்டலையா?'"

"'கம்பெனி டாக்டரம்மாகிட்டக் காட்டினா. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி போட்டுக் கொஞ்சம் சதைய எடுத்துப் பார்க்கணும்னு சீட்டு எழுதிக் குடுத்தாங்க. சீட்டு கைப்பையிலயே இருக்கு. அவ போகல.'"

"'ஏன் போகல?'"

கழுதை போய், மறுபடியும் அந்த ஆளும் வாளிக்காரியும் வந்து, சண்டைபோல ஏதோ நடந்தது. "'வீட்டுல ஒருத்தருக்குக் கண்ணு தெரியல. ரெண்டு பேரும் ஒரே நேரத்துல படுத்துட்டா யார் யாரைப் பார்க்கறது? மொதல்ல அவரு கண்ணு சரியாகட்டும்னு இருந்தா. ஒரு தடவ சொல்லிப் பார்த்தா. அவரு நல்லாருக்குன்னு சொல்லிட்டாரு.'"

எனக்கு அழுகை வந்துவிட்டது. வந்தது வரட்டும் என்று விட்டுவிட்டேன். ஆனால் பேச்சை மட்டும் விடவில்லை. "அந்த ஆள் சொல்றான், 'கப்பல் ஓட்டினவன் முட்டாள். அவன் சொன்ன கருத்தையெல்லாம் வாபஸ் வாங்கிக்கிட்டான். நாளைக்குக் காலையில முதல் ஆளா ஆஸ்பத்திரி வாசல்ல நிக்கப் போறான். அவன் கண்ணு எங்கயும் ஓடிப்போகாது, அது கிடக்கட்டும்.'"

"இவ்வளவு நீளமாவா சொல்றான்?" என்றாள். குரல் உடைந்துபோயிருந்தது. "அவன் சும்மா தலையத்தான் ஆட்டினான்."

"அவங்க மொழி சிக்கனம்" என்றேன்.

அவள் சிரித்தாளா அழுதாளா என்று சொல்லத் தெரியவில்லை. திரையில் எல்லாரும் போய்விட்டார்கள். வெறும் மணல்தான் ஓடிக்கொண்டிருந்தது, காற்றுச் சத்தம் மட்டும். வாயசைக்க அங்கே ஒரு ஆள் இல்லை. அந்த மணலைப் பார்த்துக்கொண்டே அவள் சொன்னாள்:

"எனக்குப் பயமா இருக்குங்க."

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். அவள் சொல்ல ஆரம்பித்தாள். குளிக்கும்போது முதன்முதலில் கை பட்ட நாள், அன்றைக்கு வேலையில் ஒரு தாளை மூன்று முறை படித்தும் ஒன்றும் மனசில் ஏறாமல் போனது, மகளுக்குப் போன் போட்டுவிட்டு வேறு எதையோ பேசி வைத்தது, பக்கத்தில் நான் குறட்டை விடும்போது முழித்துக்கொண்டு எண்ணிய எண்ணமெல்லாம். அந்தக் குரலில் ஏற்றமும் இருந்தது, இறக்கமும் இருந்தது. அவளுக்கு அப்படி ஒரு குரல் இருப்பது எனக்குத் தெரியாது. படம் முடிந்து பெயர்கள் ஓடின. அடுத்த படம் தானாகத் தொடங்கியது, அவள் நிறுத்தவில்லை. கையால் தடவி ரிமோட்டைத் தேடி எடுத்து டி.வி.யை அணைத்தேன். அப்போதும் அவள் நிறுத்தவில்லை.